பலாக் கதவுக்குத் தேக்கு நிறம்

எனக்குப் பாலிஷ் வேலை தெரியும் என்று நான் சொன்னது முழுப் பொய்யில்லை. காரைக்குடியில் ஒரு மரச்சாமான் பட்டறையில் பதினோரு நாள் இருந்திருக்கிறேன். அந்தப் பதினோரு நாளும் உப்புத்தாள் தேய்த்தேன், டீ வாங்கி வந்தேன், தின்னர் டின்னைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் பின்னால் நடந்தேன். மறுநாள் நிறம் கலக்கச் சொல்லித் தருவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் போனபோது ராமேஸ்வரம் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பையும் இதே மாதிரிதான் விட்டேன்.

இதையெல்லாம் கீரமங்கலத்து நண்பனிடம் விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த மாதம் எனக்கு இருக்க இடமில்லை. அவன் தோப்பை ஒட்டிப் புது வீடு கட்டிக்கொண்டிருந்தான். கூரை போட்டாகிவிட்டது, தரைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "சிமென்ட் மூட்டைக்குப் பக்கத்துல பாய விரிச்சுப் படுத்துக்கடா, பொருளுக்கும் காவலாச்சு" என்றான். பஸ் ஸ்டாண்டில் படுப்பதைவிட அது மேல். போலீஸ் வந்து எழுப்பாது, மூன்று வேளைச் சோறும் அவன் வீட்டிலிருந்து வந்தது. ஒரு மாதம் என்றது இரண்டு மாதமானது. அப்படி இருக்கிறவன், வீட்டுக்காரன் ஒரு வேலை தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்று எப்படிச் சொல்வான்?

அவனும் நானும் ஒன்பதாவது வரை ஒரே பெஞ்ச். அவன் பத்தாவது பாஸ் செய்து, பிறகு சிங்கப்பூரில் பல வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். கோபம் சீக்கிரம் வரும். அந்தக் கோபத்தால் வந்த வினைதான் இது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மனை போட்டுப் பூஜை செய்த அன்று அவன் மனைவியின் அண்ணன் ஆதனக்கோட்டையிலிருந்து வந்திருந்தார். அங்கே அவருக்கு முந்திரித் தோப்பு உண்டு, கொல்லையில் தேக்கும் நிற்கிறது. வந்தவர் பத்துப் பேர் முன்னால், "மாப்ளைக்கு எங்க முடியப்போவுது, நெலைக்கும் கதவுக்கும் நானே ரெண்டு தேக்க வெட்டி அனுப்புறேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த 'எங்க முடியப்போவுது' இருக்கிறதே, அது என் நண்பனுக்குப் பிடிக்கவில்லை. "ஒங்க மரத்த நீங்களே வச்சுக்கங்க மச்சான். தேக்குல கதவு போட எனக்கும் தெரியும். குடிபோற அன்னைக்கு வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. தங்கச்சி (அவன் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அண்ணனோடு பேச வேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போய்விடுவாள்.

கூரை போட்டு முடித்தபோது தேக்கு வாங்கும் நிலையில் அவன் இல்லை. கஜா புயலில் விழுந்த பலா மரங்களை அறுத்துப் பலகையாகக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தான். ஆசாரியைக் கூப்பிட்டு அதிலேயே செய்யச் சொன்னான். தலைவாசல் கதவு, ஆறு உள்கதவு, பதினொரு ஜன்னல், எல்லாம் பலா. குளியலறைக் கதவுகள் மட்டும் பிளாஸ்டிக். பின்னால் நடந்ததை யோசித்தால், அந்த வீட்டில் தப்பித்தவை அவை மட்டும்தான்.

பலா நல்ல மரம். கரையான் அண்டாது, காலத்துக்கும் நிற்கும். ஆனால் இழைத்த பலா மஞ்சளாக இருக்கும். லேசான மஞ்சள் இல்லை, சாம்பாருக்குப் போடுகிற மஞ்சள். ஒரு மைலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தேக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பாலிஷ் போட வருவதாக இருந்த ஆள் அவர் பாட்டி இறந்துவிட்டதாகப் போன் செய்தார். அது எங்களுக்குத் தெரிந்து மூன்றாவது பாட்டி. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை குடிபோகிறார்கள், மச்சான் சீர் கொண்டு வருகிறார். அன்று திங்கள்.

"மாப்ள, ஒனக்குத்தான் பாலிஷ் தெரியுமே" என்றான் நண்பன்.

"தெரியும்" என்றேன்.

கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டோம். ஒருவர் ஆவூரில் பள்ளிக்கூட வாத்தியார், கணக்குப் பாடம். இன்னொருவன் மினி லாரி ஓட்டுபவன். நாலு பேரும் ஒன்றாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். வாத்தியார் நான்கு நாள் லீவு சொல்லியிருந்தார். காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தாராம். அது பிறகு உண்மையானது.

செவ்வாய்க்கிழமை காலை வேலை தொடங்கும் முன் தங்கச்சி டீ கொண்டுவந்தாள். நண்பன் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, கதவு எந்தக் கலரா இருந்தாலும் எனக்குச் சரி. எங்கண்ணன் வந்துட்டுத் திரும்பிப் போறதுக்குள்ள இவரோட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போவணும். அதுக்கு என்ன கலர் அடிக்கணுமோ அத அடிங்க."

இப்படி ஒரு நிறத்தைக் காரைக்குடி மாஸ்டரிடம்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

புதுக்கோட்டையில் வாங்கி வந்த ஸ்டெயினில் 'தேக்கு' என்றே எழுதியிருந்தது. அதை நம்பினோம். நேரம் குறைவு என்பதால் ஆளுக்கொரு கதவை எடுத்துக்கொண்டோம். அதுதான் முதல் தப்பு. வாத்தியார் தன் பையிலிருந்து ஒரு மருந்துக் குப்பியின் மூடியை எடுத்து, ஒன்றுக்கு எட்டு என்று தின்னரை அளந்து ஊற்றினார். டிரைவர் அளக்கவில்லை, "வண்டிக்கு ஆயில் ஊத்துற கைடா இது" என்று கவிழ்த்தான். நண்பன் ஒரு கோட் அடித்து, சரியில்லை என்று துடைத்து, மறுபடி அடித்து, மறுபடி துடைத்தான். நான் மாஸ்டர் செய்வதைப் போல நடந்துகொண்டே அடித்தேன். அவர் ஏன் நடந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மத்தியானம் நாலு கதவையும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எட்டி நின்று பார்த்தோம். வாத்தியார் கதவு பால் அதிகமான டீ. டிரைவர் கதவு பீட்ரூட் பொரியல். நண்பன் கதவு அங்கங்கே தோல் உரிந்த மாதிரி இருந்தது. என்னுடையது ஆரஞ்சு. அடியிலிருந்த பலாவின் மஞ்சள் எல்லாவற்றுக்குள்ளிருந்தும் எட்டிப் பார்த்தது.

"நாலும் ஒரே டின்னுதானடா?" என்றான் நண்பன்.

"ஒரே டின்னுதான்" என்றான் டிரைவர். "ஒரே வாத்தியார்கிட்டதான் நம்ம நாலு பேரும் படிச்சோம். ஒரே மாதிரியா ஆனோம்?"

நண்பன் சிரிக்கவில்லை. மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டான். "அந்தாளு வாசல்ல நின்னு பாப்பாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. சும்மா ஒரு சிரிப்பு சிரிப்பாரு. அதுக்கு நான் வீடே கட்டாம இருந்திருக்கலாம்."

அவன் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு ஜெகதாப்பட்டினம் ஞாபகம் வந்தது. ஒரு சமயம் அங்கே கடற்கரையில் படகு வேலைக்குப் போயிருந்தேன். பழைய வள்ளத்தின் பலகைகளுக்கு ஏதோ கறுப்பு எண்ணெய் பூசினார்கள். காய்ந்த பிறகு அது பழந்தேக்கு போல ஆழ்ந்த செம்பழுப்பாக வந்தது. என்ன எண்ணெய் என்று கேட்டேன். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுப்பது, கடல்தண்ணிக்கும் அசையாது என்றார்கள். மறுநாள் எனக்கு அங்கே வேலை பிடிக்கவில்லை, தொண்டிக்குப் போய்விட்டேன்.

"முந்திரி எண்ணெய்" என்றேன். "நான் கண்ணால பாத்துருக்கேன்."

டிரைவர் துள்ளி எழுந்தான். "ஆதனக்கோட்டையில ரோட்டோரம் வறுக்கிறாங்கள்ல, அங்க கெடைக்கும். பொழுது சாயுறதுக்குள்ள வாங்கியாறேன்."

"மச்சான் ஊருலேருந்தா?" என்றான் நண்பன்.

"எண்ணெயில ஊர் பேரு எழுதியா இருக்கு? மாப்ள, அவரு ஊரு எண்ணெய வச்சே அவரு கண்ணக் கட்டுறோம். இதுல ஒரு ருசி இருக்குல்ல?"

அந்த ருசி நண்பனுக்குப் பிடித்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் பச்சை முந்திரிக்கொட்டையைக் கடித்து உதடு வெந்த அனுபவம் இருக்கும். எங்கள் நாலு பேருக்கும் இருந்தது. வாத்தியாருக்கு ஏழாம் வகுப்பில் உதடு வீங்கி ஒரு வாரம் பேச முடியாமல் போனது, வகுப்பே அதைக் கொண்டாடியது. அந்தக் கொட்டையில் இருப்பதுதான் டிரைவர் வாங்கி வந்த டின்னிலும் இருக்கிறது என்று நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படகுக்காரர்கள் பூசுவதற்கு முன்னால் கையில் என்ன தடவிக்கொண்டார்கள் என்று நானும் பார்க்கவில்லை. அது இரண்டாம் நாள் பாடமாக இருக்கும்.

புதன்கிழமை முழுக்கப் பூசினோம். பழைய பனியன் துணியை முக்கி, வெறுங்கையால் தேய்த்தோம். மண்ணெண்ணெய் கொஞ்சம் கலந்தால் மரத்துக்குள் நன்றாக இறங்கும் என்று டிரைவர் சொன்னான், அது சரியாகவே இருந்தது. நிறம் வந்தது பாருங்கள். மஞ்சள் போன இடம் தெரியவில்லை. தலைவாசல் கதவு நூறு வருஷத்துச் செட்டிநாட்டு வீட்டுக் கதவு போல நின்றது. வாத்தியார் வேர்வையை முன்கையால் துடைத்துக்கொண்டு, "இது தேக்கே இல்லைன்னு சொல்றவன் பெயில்" என்றார். நண்பன் கதவுக்கு முன்னால் நின்று செல்பி எடுத்தான். டிரைவர் இரண்டு தடவை தோப்புப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தான். கை கழுவினானா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டாவது கோட். அது கொஞ்சம் காய்ந்ததும் கதவுகளை நிலையில் மாட்டினோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விரலிடுக்கில் அரித்தது. சிமென்ட் என்று நினைத்தோம். சனிக்கிழமை விடிந்தபோது வாத்தியாரின் இரண்டு கண்ணும் திறக்கவில்லை. நண்பனுக்கு முகம் முழுவதும் வீங்கி, கன்னமும் மூக்கும் ஒரே மட்டத்தில் இருந்தன. எனக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை கொப்புளம். டிரைவருக்கு எங்கே வீங்கியது என்பதை எழுத முடியாது. அவன் அகட்டி அகட்டி நடந்து வந்தான். உட்காரச் சொன்னோம். நின்றுகொண்டே இருந்தான்.

நாலு பேரும் அவன் லாரியிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரிசையில் நின்ற எங்களைப் பார்த்து நர்ஸம்மா, "என்னங்க, தேன்கூட்டக் கலச்சீங்களா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "முந்திரி எண்ணெயா? வெறுங்கையிலயா?" என்று கேட்டவர், உள்ளே இருந்த இன்னொரு நர்ஸையும் மருந்து கொடுப்பவரையும் கூப்பிட்டுக் காட்டினார். "இதுல ஒருத்தர் வாத்தியாராம்" என்று சொன்னபோதுதான் அவர்களுக்குச் சிரிப்பு அடங்காமல் போனது. ஊசி போட்டார்கள். டிரைவர் மட்டும் ஊசியை வேறு இடத்தில் போடச் சொல்லிக் கெஞ்சினான்.

அன்று சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் புது ஹாலுக்குள் வந்து புழுக்கை போட்டன. தங்கச்சி இரண்டு தடவை கழுவிவிட்டாள். மூன்றாவது தடவை நான் தலைவாசல் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினேன். எண்ணெய் காய்ந்த மாதிரிதான் இருந்தது. கொப்புளம் வந்த விரலுக்கு ஈரம் எது, காய்ந்தது எது என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிகிற நேரம். ஐயர் வந்துவிட்டார். பசுவும் கன்றும் வாசலில் நின்றன. பந்தலில் சொந்தக்காரர்கள். வேன் வந்து நின்றது. மச்சான் வெள்ளைச் சட்டை, கரை வேட்டியோடு, குத்துவிளக்கும் பால் பானையும் பழத்தட்டுமாக இறங்கினார். தங்கச்சி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் எங்கள் நாலு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

வீட்டுக்காரன் 'வாங்க' என்று சொல்லியாக வேண்டும். என் நண்பன் பசுமாட்டைப் பார்த்து, "வாங்க" என்றான். மாடு ஒரு அடி முன்னால் வந்தது.

"நேரமாச்சு, கதவத் தெறங்கோ" என்றார் ஐயர்.

நண்பன் சாவியைப் போட்டுத் திருப்பித் தள்ளினான். கதவு அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினான். நிலையும் கதவும் ஒரே மரமாகிவிட்டிருந்தன. இரண்டு கோட் முந்திரி எண்ணெயும் ராத்திரியோடு சேர்ந்து கெட்டியாக ஒட்டிக்கொண்டன.

"பின்பக்கமாப் போயித் தெறக்கலாமே" என்றார் யாரோ.

"மொத மொத நுழையறச்சே பின்பக்கமாவா?" என்றார் ஐயர்.

டிரைவர் முயற்சி செய்ய வந்தான். காலை அகட்டி நின்றால் பலம் வருகிறது, பலம் வந்தால் வலிக்கிறது. விலகிக்கொண்டான். வாத்தியாருக்குக் கதவே சரியாகத் தெரியவில்லை, சுவரைத் தள்ளினார். என் கையில் கட்டு. ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தங்கச்சி கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

மச்சான் பழத்தட்டைத் தன் மனைவியிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கதவுக்குப் பக்கத்தில் வந்து மூக்கை நீட்டி ஒரு மூச்சு இழுத்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து அந்தத் தோளிலேயே வைத்துக்கொண்டார். முந்திரிக்காரருக்குத் தெரியாதா?

"மாப்ள" என்றார். "நீங்க கீழாப்புல தோளக் குடுங்க. மேல நான் பாத்துக்கறேன். நான் 'ம்'ன்னதும் தள்ளணும்."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த பேச்சு. நண்பன் குனிந்து தோளைக் கொடுத்தான். "ம்" என்றார். பெரிய பலாப்பழத்தைப் பிளக்கும்போது வருமே, அதே சத்தத்தோடு கதவு திறந்தது. திறந்த வேகத்தில் இருவரும் ஒருவர்மேல் ஒருவராக ஹாலுக்குள் போய் விழுந்தார்கள். முதலில் நுழைய வேண்டியது பசு. நுழைந்தது மாப்பிள்ளையும் மச்சானும். ஐயர் தலையில் அடித்துக்கொண்டு, "பரவால்ல, அடுத்து மாட்ட விடுங்கோ" என்றார்.

மச்சான் எழுந்து துண்டை உதறிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். கதவின் விளிம்பில் எண்ணெய் ஒரு முழ நீளத்துக்குப் பட்டையாக உரிந்து நிலையோடு போயிருந்தது. உரிந்த இடத்தில் பலா, அன்று இழைத்த மாதிரி மஞ்சளாகச் சிரித்தது. பந்தலே பார்த்தது.

"என்ன மரம் மாப்ள?"

"தேக்கு" என்றான் நண்பன். இவ்வளவு தூரம் வந்த பிறகு வேறென்ன சொல்வான்?

மச்சான் அந்த மஞ்சளை விரல்படாமல் கிட்டே போய்ப் பார்த்தார்.

"நல்ல தேக்கு. எங்க கொல்லையிலயும் இந்தச் சாதித் தேக்கு ஒண்ணு நிக்கிது. போன வருஷம் எழுவது பழம்."

பந்தலில் சிரிப்பு கிளம்பி, அடங்க வெகு நேரமானது. நண்பன் முகத்தைப் பார்த்தேன். வீக்கத்தில் அவன் சிரிக்கிறானா முறைக்கிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பால் பொங்கியது. மச்சான் சாப்பிட்டார், தங்கச்சி தலையில் கை வைத்துவிட்டு வேனில் ஏறினார். நண்பனிடம் வேறு எதுவும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் தங்கச்சி என்னிடம் வந்தாள். "அண்ணே, கதவு தள்ளுறப்ப பேசுனது, மரத்தப் பத்திக் கேட்டது, இதெல்லாம் பேச்சுல சேருமா?"

"தேக்குன்னு இவன் பதில் சொன்னானே."

"அது பொய்யில்ல? பொய்ய எப்படிச் சேக்கிறது?"



செவ்வாய்க்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நண்பனின் போன் அடித்தது. திரையில் மச்சான் பெயர். இரண்டு வருஷமாக அந்தப் பெயர் தங்கச்சி போனில்தான் வரும். காதில் வீக்கம் இருந்ததால் நண்பன் ஸ்பீக்கரில் போட்டான்.

"யோவ் மாப்ள! மனுசனாய்யா நீ? தோளு, கழுத்து, காதுப் பொறத்தால எல்லாம் வெந்து போயிக் கெடக்கு. அந்தத் துண்டாலயே நான் மொகத்தத் தொடச்சுருக்கேன்யா! நாப்பது வருஷமா முந்திரியிலயே கெடக்குறேன், ஒரு நாளு ஒரு கொப்புளம் வந்ததில்ல. ஒன் வீட்டுக்கு ஒரு நாளு வந்தேன், முடிஞ்சுது!"

"தெரிஞ்ச ஆளு நீங்கதானே மச்சான், பாத்துத் தொடச்சுருக்கணும்" என்றான் நண்பன்.

"பேசாதய்யா! பலாவுக்கு எவனாச்சும் முந்திரி எண்ணெய பூசுவானா? சும்மா விட்டிருந்தா அது பாட்டுக்கு நாலஞ்சு வருஷத்துல செவந்திருக்கும். அதுக்குள்ள என்ன அவசரம் ஒனக்கு?"

"நீங்க ஞாயித்துக்கெழமையே வாரேன்னுட்டீங்களே."

மறுமுனையில் ஒரு செருமல் கேட்டது. பிறகு மறுபடி திட்டு தொடங்கியது. வீக்கத்துக்கு என்ன தடவ வேண்டும், வெயிலில் போகக் கூடாது, கத்தரிக்காய் சாப்பிடக் கூடாது, கதவை இனி யாரும் தொடக் கூடாது, வருகிற ஞாயிற்றுக்கிழமை தானே ஒரு நல்ல பாலிஷ் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதாக எல்லாம் திட்டோடு திட்டாகச் சொன்னார். இடையிடையே நண்பன் "சரி மச்சான், சரி மச்சான்" என்றான். என் இட்லி ஆறிப்போகும்வரை அது நடந்தது. தங்கச்சி சட்னிக் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியிலிருந்து புது டைல்ஸில் சொட்டியது. அவள் கவனிக்கவில்லை.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். கழுத்தில் வெள்ளை மருந்து பூசியிருந்தது. கூட வந்த பாலிஷ்காரர் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். ஒவ்வொரு கதவாக, ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பீட்ரூட் கதவின்மேல் முந்திரி எண்ணெய் ஏறிய இடத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இந்த வேலையப் பாத்தது யாருங்க?"

மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே சமயத்தில் கையை நீட்டி என்னைக் காட்டினார்கள். கதவைத் தள்ளியதற்கு அடுத்தபடி அவர்கள் சேர்ந்து செய்த காரியம் அதுதான்.

பாலிஷ்காரர் என் கையிலிருந்த கட்டையும் முகத்தையும் பார்த்தார். பையைத் திறந்து இரண்டு கையுறையும் ஒரு கட்டு உப்புத்தாளும் எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் மஞ்சள் தெரியும்வரை தேய்க்க வேண்டுமாம்.

அந்த வேலை எனக்கு நிஜமாகவே தெரியும். பன்னிரண்டு நாள் ஆனது.